ரோட்டைத் தோண்டுறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள கேமரா விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய குடிநீர் மெயினை, அதாவது ரோட்டுக்கடியில போற பெரிய குழாயை, மாத்தணும்னா ரோடு நெடுக பள்ளம் தோண்டித்தான் ஆகணும்னு டெண்டர் போடுறவங்களே இன்னும் நினைக்கிறாங்க. பைப்லைன் வேலையிலயே இருக்கிறவன், மனசு கேக்காம இதை எழுதுறேன்.

ரொம்ப வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த காஸ்ட் அயர்ன் பைப்பை வெட்டிப் பாத்தா உள்ள துரு முடிச்சு முடிச்சா வளந்து பாதி வழியை அடைச்சிருக்கும். வெளிய பாத்தா முழுசாத்தான் தெரியும், ஆனா கத்தியால சுரண்டுங்க, பென்சில் முனை மாதிரி கருப்பா உதிரும். இரும்பு அரிச்சுப் போயிடுச்சு, மிச்சம் நிக்கிறது கிராஃபைட். மேல லாரி ஓடினாலே விரிசல் விடலாம். தண்ணி வீணாகுறது ஒரு பக்கம், சப்ளை நிக்கும்போது பிரஷர் இறங்கினா அதே விரிசல் வழியா சாக்கடைத் தண்ணி உள்ள போகுமே, அதுதான் என் பயம்.

தோண்டாம செய்ய வழி இருக்கு. 1971லயே லண்டன்ல எரிக் வுட்ங்கிறவர் பழைய கழிவுநீர்க் குழாய்க்குள்ள ரெசின்ல (இறுகினா கெட்டியாகிற பிசின்) ஊறின துணிக்குழாயை விட்டு அங்கேயே இறுக வச்சு, பைப்புக்குள்ள புது பைப்பை உண்டாக்கிட்டார். குடிநீர் மெயினுக்குன்னா அந்த ரெசின் குடிக்கிற தண்ணிக்கு ஒத்துக்கிறதா இருக்கணும், லைனிங், அதாவது உள்ள உண்டான அந்தப் புது பைப், தனியாவே பிரஷரைத் தாங்கணும். இன்னொண்ணு பைப் பர்ஸ்டிங். ரெண்டு முனையிலயும் குழி எடுத்து, ஒரு கூம்புத் தலையை இழுத்துட்டுப் போனா பழைய பைப் உடைஞ்சு சுத்தியுள்ள மண்ணுக்குள்ள ஒதுங்கிடும், பின்னாடியே புது எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) பைப் வந்துடும், கொஞ்சம் பெரிய சைஸ் கூட போடலாம். பக்கத்துல கேபிளோ கேஸ் லைனோ ஒட்டிப் போனா மட்டும் இதைத் தொடக்கூடாது.

ஆனா வேலை கெட்டுப் போறது பெரும்பாலும் ஹவுஸ் கனெக்‌ஷன்லதான். லைனிங் போட்டதும் எல்லா வீட்டு கனெக்‌ஷன் வாயும் மூடிக்கும், உள்ளயிருந்து ரோபோ கட்டர் விட்டு ஒவ்வொண்ணா திறக்கணும். அந்த இடத்துல சீல் சரியில்லன்னா தண்ணி லைனிங்குக்கும் பழைய பைப்புக்கும் நடுவுல ஓடி, எங்கயோ இருக்கிற பழைய ஓட்டை வழியா வெளிய வரும், அப்புறம் லீக் எங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாம அலையணும். பர்ஸ்டிங்னா ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு சின்னக் குழி வேணும், அதனால வீடு நெருக்கமா இருக்கிற தெருவுல பெருசா லாபம் கிடையாது, நேரா தோண்டிடுறதே நல்லது. டிராஃபிக் நிக்காத மெயின் ரோடு, ஜங்ஷன், இங்கதான் தோண்டாத முறை கை கொடுக்கும்.

அதிகாரிகள்கிட்ட கேக்குறது இதுதான். புது ரோடு போடுறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற பைப்பைக் கேமரா விட்டுப் பாருங்க. வேலை முடியிற வரைக்கும் வீடுகளுக்கு பைபாஸ் லைன் (தற்காலிகக் குழாய்) கொடுங்க. பிரஷர் டெஸ்ட், குளோரின் கழுவல் ரெண்டும் முடிஞ்சப்புறமே வால்வைத் திறங்க, அந்த டெஸ்ட் ரிசல்ட்டை தெருமுனையில ஒட்டி வையுங்க, தண்ணி குடிக்கிறவங்க படிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
பைப்லைன் வேலை பாக்கும் ஒரு வாசகன்