ஃபெரிட்டின் அறிக்கையில் அச்சாகும் ‘இயல்பு’ வரம்பு: ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹீமோகுளோபின் 12.4, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டின் 13, அதன் எதிரே இயல்பு வரம்பு 11 முதல் 300 வரை என்று அச்சிட்ட அறிக்கையுடன் தீராத சோர்வு, முடி உதிர்வு, இரவில் கால்களை அசைக்காமல் வைத்திருக்க முடியாத தவிப்பு ஆகியவற்றோடு ஒரு பெண் மருத்துவரிடம் வருகிறார். எந்த எண்ணுக்கும் பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறி இல்லை. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் குறியைத்தான் முதலில் தேடுவார். குறி இல்லாவிட்டால் “எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த வரம்பைப் பற்றித்தான் இம்மடல்.

நலமாகத் தோன்றும் சிலரின் இரத்தத்தை அளந்து, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தைக் கழித்துவிட்டு, நடுவில் எஞ்சும் 95 சதவீதத்தை இயல்பு என்று வைத்துக்கொள்வது உங்கள் துறையின் வழக்கம். சோடியத்துக்கு இது பொருந்தும். இரும்புச்சத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் உலகில் மிகப் பரவலான சத்துக்குறைபாடு இதுவே. மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்களில் பலர், கையிருப்பு தீர்ந்துபோனது தெரியாமலேயே, அந்த ‘நலமானவர்கள்’ பட்டியலில் இடம்பெற்றுவிடுகிறார்கள். குறைபாடே அளவுகோலுக்குள் நுழைந்துவிடுகிறது.

வளர்ந்தவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது, எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிக்கப்படுகிறது. வரவு குறைந்தால் உடல் முதலில் கரைப்பது இந்தச் சேமிப்பைத்தான். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், புதிதாக உருவாகும் சிறுத்து வெளிறிய அணுக்கள் பழையவற்றின் இடத்தைப் பிடிக்கவும் காலம் பிடிக்கும். இரத்தச்சோகை என்பது கடைசிக் கட்டம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நலமான வளர்ந்தவருக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழேயும், தொற்றோ அழற்சியோ இருப்பவருக்கு 70-க்குக் கீழேயும் குறைபாட்டைக் கருதச் சொல்கிறது. நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர்கள் பலர் 30-ஐ எல்லையாகக் கொள்கிறார்கள். அதுவே எனக்கும் சரியென்று படுகிறது. ஃபெரிட்டின் தாழ்ந்திருந்தால் அதற்குப் பொருள் அநேகமாக ஒன்றே ஒன்று. உயர்ந்திருந்தாலோ தொற்று, கல்லீரல் நோய், உடல் பருமன், மூட்டழற்சி என எதுவும் காரணமாகலாம். எனவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் கூடவே இல்லாமல், அழற்சி உள்ளவரின் 50 என்ற எண்ணை யாரும் சரியாக வாசிக்க இயலாது. அந்தச் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

சீரம் இரும்பை, அதாவது அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவை, தனியாக அளந்து தருவதை நிறுத்திவிடலாம். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், காலையில் மாத்திரை விழுங்கியவருக்கு எகிறிவிடும் அந்த எண், ‘அயர்ன் புரொஃபைல்’ என்ற பெயரில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

வரம்பை உயர்த்தினால் குறியிட்ட அறிக்கைகள் பெருகும், தேவையில்லாதவர்களும் மாத்திரை விழுங்குவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோய்) மரபணுவைச் சுமப்பவருக்குச் சிவப்பணு சிறுத்திருப்பதைப் பார்த்து, அளக்காமலே மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை எழுதுவதைத் தடுப்பதும் இதே ஃபெரிட்டின்தான்.

ஆகவே, புள்ளிவிவர வரம்பை எடுத்துவிட்டு, வயது, கர்ப்பம், அழற்சி ஆகியவற்றுக்கேற்ற முடிவெல்லைகளை, அதாவது எந்த அளவுக்குக் கீழே குறைபாடு என்று கொள்ள வேண்டும் என்பதை, அச்சிடுங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 30-க்குக் கீழே வந்தால், குடலில் இரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கவும் என ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; 60 வயதுக்காரர் ஒருவரின் ஃபெரிட்டின் 22 என்பது, பெருங்குடல் புற்றுநோய் வேறெந்த அறிகுறியும் காட்டுவதற்கு முன்பே கிடைக்கும் தடயமாக இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை நம்பி மருந்து எழுதும் ஒரு பொதுநல மருத்துவர்