கடைசிக் கயிற்றை அவிழ்க்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவின் லங்காவித் தீவில், குவா படகுத்துறையில் ஒரு மாதமாகக் கட்டிக் கிடக்கும் உன் 30 அடி பாய்மரப் படகை இந்த வாரக் கடைசியில் வெளியே எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். பாய் விரிப்பதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். துறையை விட்டுக் கிளம்புவதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை. நடுக்கடலில் தடுமாறினால் சமாளிக்க இடம் இருக்கும். துறையில் இரண்டு பக்கமும் அடுத்தவர் படகுதான்.

முதலில் இஞ்சின். உன்னுடையது யான்மார் 2ஜிஎம்20எஃப், இரண்டு சிலிண்டர் டீசல். ஆயில், கூலன்ட், பெல்ட் மூன்றையும் பார்த்துவிடு. ஐந்து நிமிட வேலை. அதைவிட முக்கியம் கடல்நீர் உள்ளே வரும் வழி. அந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு மாதம் நின்ற படகின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்திருக்கும். நீர் உறிஞ்சும் துளையை அவை அடைக்கும். புரொப்பெல்லரில் ஒட்டினால் இஞ்சின் உறுமும், படகு நகராது. கிளம்புவதற்கு முந்தின நாளே யாரையாவது முங்கிச் சுரண்டச் சொல். நீரோடு வரும் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடையையும் கழுவிப் போடு.

கடல்நீரை உள்ளே விடும் அடிவால்வைத் திற. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா பார். அது பாதி வெளியே நின்றால் டீசல் போகாது. பேட்டரி தீரும்வரை சுற்றினாலும் இஞ்சின் பிடிக்காது.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. இஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போதும் பம்ப் கடல்நீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே ஊதித்தள்ளப் புகையின் அழுத்தம் இல்லை. தண்ணீர் சைலன்ஸரில் நிரம்பி, எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துபோகும். அதனால் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதே. மூன்று தடவையிலும் பிடிக்கவில்லையென்றால் அடிவால்வை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடு. வால்வை மூடியபடி மறுபடி சுற்றினால், இஞ்சின் பிடித்த அந்தக் கணமே அதைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து இதழ் இதழாகப் பிய்ந்துவிடும். வால்வு மூடியிருப்பதை மறக்காமலிருக்க, சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைக்கும் பழக்கம் நல்லது.

இஞ்சின் பிடித்ததும் ஆயில் அலாரம் நின்றதா என்று கேள். உடனே பின்பக்கம் போய் எக்ஸாஸ்டைப் பார். புகையோடு தண்ணீர் விட்டு விட்டுக் கொட்ட வேண்டும். அரை நிமிடத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் இஞ்சினை நிறுத்து. நிறுத்தும்போது குமிழை இழுத்து, சுற்று நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பு. இஞ்சின் ஓடும்போது பேட்டரி மெயின் ஸ்விட்சில் கை வைக்காதே, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும்.

ஐந்து நிமிடம் ஓடட்டும். அதற்குள் கரை மின்சாரத்தைக் கழற்று: துறைப் பெட்டியில் பிரேக்கரை அணை, துறைப் பக்கத்து பிளக்கை முதலில் எடு, பிறகு படகுப் பக்கம். வரிசை மாறினால் மின்சாரம் பாயும் முனை உன் கையில் தொங்கும். பெரிய பாயின் உறையைக் கழற்றி, பாயை மேலே ஏற்றும் கயிறான ஹாலியார்டை மாட்டிவை. நங்கூரத்தையும் கட்டவிழ்த்து வை. துறை வாசலிலேயே இஞ்சின் நின்றால் உனக்கு இருப்பவை அந்த இரண்டுதான்.

கயிறுகள் எல்லாம் கட்டியபடியே இருக்க, கியரை முன்னுக்கு ஒரு கணம், பின்னுக்கு ஒரு கணம் போட்டுப் பார். பின்னுக்குப் போடும்போது கலங்கிய நீர் எந்தப் பக்கம் பீறிடுகிறது என்று கவனி. வலப்பக்கம் வந்தால் படகின் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும். வலஞ்சுழி புரொப்பெல்லரின் இயல்பு அது.

நீ அனுப்பிய படத்தில் படகின் இடப்பக்கம் துறையை ஒட்டியிருக்கிறது, வாடைக்காற்றும் படகைத் துறையோடு அழுத்துகிறது. அப்படியே பின்னுக்கு எடுத்தால் பின்புறம் துறையில்தான் உரசும். கையாலோ காலாலோ தள்ளிவிடலாம் என்று நினைக்காதே. நான்கைந்து டன் எடை. இடையில் சிக்கும் கால் தாங்காது. அந்த வேலையை ஒரு ஸ்பிரிங் கயிறே செய்துவிடும்.

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டும் கொம்பான கிளீட்டிலிருந்து ஒரு கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய், படகின் நடுப்பகுதிக்கு நேராகத் துறையில் இருக்கும் கிளீட்டின் அடியில் ஒரு வளைவு மட்டும் போட்டு, முனையைப் படகுக்கே திரும்பக் கொண்டுவா. விடுகிற முனையில் முடிச்சோ கண்ணியோ இருக்கக் கூடாது. கடைசி நொடியில் சிக்குவது அதுதான். அணியத்தின் இடப்பக்கம் உரசலைத் தாங்கும் காற்றுமெத்தைகளான ஃபெண்டர் இரண்டு, பெரியவையாக, தொங்கட்டும். மற்றக் கயிறுகளை எடுத்துவிடு. இனி சுக்கான் சக்கரத்தைத் துறைப் பக்கமாகத் திருப்பி, மிகக் குறைந்த வேகத்தில் முன்கியர் போடு. ஸ்பிரிங் இறுகும், படகு முன்னே போகாது, பின்புறம் மெல்லத் துறையை விட்டு விலகும். அவசரப்படாதே. காற்றுக்கு எதிராக அது நாற்பது, நாற்பத்தைந்து பாகை திறக்கும்வரை பொறு. பாதியில் விட்டால் காற்று திரும்பவும் துறையில் சாத்திவிடும்.

போதுமான அளவு திறந்ததும் நியூட்ரல், சக்கரம் நேர், பின்கியர். இப்போது தயங்காமல் கொஞ்சம் வேகம் கொடு; நீர் ஓடினால்தான் சுக்கான் பேசும். கயிறு தளர்ந்ததும் அணியத்தில் நிற்பவர் ஒரு முனையை விட்டு மற்றதைச் சரசரவென்று உள்ளே இழுக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் கயிற்றைப் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டால் இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னுக்குப் போகும்போது சக்கரத்தை இறுகப் பிடி. விட்டால் சுக்கான் ஒரு பக்கமாக அறைந்து திரும்பும்.

பக்கத்திலேயே ஃபெரித் துறை இருப்பதால் இன்னொன்றும் உண்டு. ஃபெரி கிளம்பினால் அதன் அலை உள்ளே வந்து அடங்கும்வரை ஸ்பிரிங்கில் கை வைக்காதே.

வெளியே வந்ததும் ஃபெண்டர்களை எடு, எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறதா என்று இன்னொரு முறை பார். பெரிய பாய் முழுக்க ஏறிக் காற்று பிடிக்கும்வரை இஞ்சினை நிறுத்தாதே. உன்னோடு வருபவருக்கு ஸ்பிரிங் விடும் வேலையைத் துறையில் நின்றபடியே இரண்டு முறை செய்துகாட்டிவிடு.

அன்புடன்,
அண்ணன்