பெயர் மாற்றவேண்டுமா என்று கேட்டாயே

பொறையாறு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அப்பா எழுதுவது. வரப்போகிற மருமகள் ஞானஸ்நானம் எடுக்கும்போது பெயரை மாற்றித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கொடுப்பது பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் (மத்தேயு 28:19). எடுப்பவர் பெயரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

'அப்போஸ்தலன் சவுல் பவுலான மாதிரி' என்று சொல்கிறவர்கள் வசனத்தைத் திறந்து பார்ப்பதில்லை. தமஸ்கு வழியில் கர்த்தர் கூப்பிட்டது 'சவுலே, சவுலே' என்றுதான். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் அவருக்கு ஞானஸ்நானம் ஆகிறது. 13ஆம் அதிகாரம் வரை சவுல்தான். சீப்புரு தீவில் ரோம அதிபதியின் முன் நிற்கும்போதுதான் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வருகிறது. எபிரெயருக்குள் ஒன்று, ரோமர் நடுவில் ஒன்று. யாரும் அவருக்குப் பெயர் மாற்றி வைக்கவில்லை.

தேவனே மாற்றின பெயர்கள் வேறு வகை. ஆபிராம் 99 வயதில் ஆபிரகாம் ஆனார். எபிரெயத்தில் கூடியது 'ஹே' என்ற ஒரே எழுத்து. நம் வேதாகமத்தில் அது 'க' ஆகி நிற்கிறது. அவர் மனைவி சாராய் என்ற பெயரிலும் கடைசி எழுத்துக்குப் பதில் அதே ஹே வந்தது, ஆனால் 'சாராள்' என்ற தமிழில் அது தெரியாமல் போய்விட்டது. 'திரளான ஜாதிகளுக்குத் தகப்பன்' என்று பெயர் வைத்தபோது ஈசாக்கு பிறக்கவே இல்லை. பெயர் முந்தியது, பிள்ளை பிந்தியது.

யாக்கோபின் கதை இன்னும் நுட்பம். கண் மங்கின தகப்பன் 'நீ யார்' என்று கேட்டபோது அண்ணன் பெயரைச் சொல்லி 'ஏசா' என்று பொய் சொன்னவன். யாப்போக்கு ஆற்றுத் துறையில் தன்னோடு போராடினவர் 'உன் பேர் என்ன' என்று கேட்டபோதுதான் 'யாக்கோபு' என்று உண்மையைச் சொன்னான். அதற்குப் பிறகே இஸ்ரவேல். ஆபிராம் என்ற பெயர் மாற்றத்தோடு ஒழிந்தது, யாக்கோபு என்ற பெயர் ஒழியவில்லை. எகிப்துக்குப் போகும் வழியில் தேவனே 'யாக்கோபே, யாக்கோபே' என்று கூப்பிடுகிறார் (ஆதியாகமம் 46:2). மயிலாடுதுறை என்று பலகை வைத்தும் நாம் மாயவரத்துக்கு டிக்கெட் கேட்பதில்லையா?

பெயர் மாற்றம் அடிமைச்சீட்டாகவும் வரும். எகிப்தின் பார்வோன் நேகோ, யூதாவில் ராஜாவாக வைத்த எலியாக்கீமை யோயாக்கீம் ஆக்கினான். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அங்கே ராஜாவாக வைத்த மத்தனியாவை சிதேக்கியா ஆக்கினான். பாபிலோன் அரமனையில் தானியேல், பெல்தெஷாத்சார் ஆனான். டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து தரங்கம்பாடியை டிராங்கேபார் என்று எழுதிக்கொண்டதும் இந்தக் கணக்குதான். ஆகவே பெண்ணின் பெயரை உன் பக்கத்து உறவுக்காரர்கள் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அவளே ஆசைப்பட்டால் சரி. தமிழிலேயே வைக்கலாம், 1745இல் திருவிதாங்கூர் நீலகண்டப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த 'தேவசகாயம்', லாசரு என்பதன் தமிழ்தான்.

மாற்றினால் காகிதத்தில் கவனம் வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று சபைப் போதகர் ஐயரிடம் சொல். பழைய பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். புதிய பெயரைச் சட்டப்படி ஆக்க முதலில் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடவேண்டும். பிறகுதான் ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட். இதைத் தலைகீழாகச் செய்தால் ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது என்று நின்றுவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர்தான் இருக்கும். அரசிதழ் நகலைக் கூடவே வைத்துக் காட்டவேண்டும்.

கோவிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் எந்தப் பெயர் என்று அவளையே கேட்டு எழுது.

அப்பா