கயலுக்கு, உப்பு துடைக்கிற வேலையைப் பற்றி

அன்புள்ள கயல்,

உன் மெயிலை நேற்று ராத்திரிதான் படித்தேன். இவ்வளவு பெரிய ஆய்வுக் கப்பலில் உனக்குக் கொடுத்திருப்பது வானத்தை அளக்கும் கருவி கட்டிய பலூன் விடுவதும் கருவிகளைத் துடைப்பதும்தானாம், மேகங்களில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு இதுவா வேலை என்று கேட்டிருந்தாய். கப்பலிலேயே முக்கியமான வேலை உன் கைக்குத்தான் வந்திருக்கிறது, கண்ணு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கடலில் தரவு எடுத்தே காலத்தை ஓட்டியவள் சொல்கிறேன்.

டோகா கோர் (TOGA COARE) என்ற கடல் ஆய்வைப் பற்றிப் படித்திருப்பாய். 1992-93இல் மேற்குப் பசிபிக்கில் நடந்தது. கடலுக்கும் காற்றுக்கும் நடுவே நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தின் நிகரக் கணக்கில் சதுர மீட்டருக்கு 10 வாட்டுக்கு மேல் பிழை இருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த இலக்கு. அந்தக் கடலில் தெளிவான நாளின் உச்சி வெயில் 1000 வாட்டை நெருங்கும், ஆவியாதல் மட்டுமே 100 வாட்டைச் சுலபமாகத் தாண்டும், இதற்கு நடுவில் 10 வாட்டைப் பிடிப்பதென்றால் எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பார். கடல் நீரின் வெப்பநிலை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதே அங்கே சிக்கலாகிவிட்டது. மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தோல் போன்ற படலம், கீழே உள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். காற்றே இல்லாத மத்தியானத்திலோ மேலே இருக்கிற ஓரிரு மீட்டர் நீர் மட்டும் தனியாகச் சூடேறி நிற்கும். கப்பல் நீரை உள்ளிழுக்கும் குழாயோ பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதன் வெப்பமானிக்கு இது எதுவுமே தெரியாது. அதனால்தான் நீண்ட கம்பு ஒன்றை வெளியே நீட்டி, கப்பல் கலக்கிவிடாத நீரில் மிதக்கும்படி ஒரு ஹோஸில் சென்சாரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறோம். அது அலையில் துள்ளி நீருக்கு வெளியே வந்துவிட்டால் அளப்பது காற்றை. அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கத்தான் உன்னைப் போல ஒருத்தி தளத்தில் வேண்டும். அந்த ஆய்விலிருந்து பிறந்த கணக்கீட்டு முறையைத் திருத்தித் திருத்தி இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

அப்புறம் உப்பு. முன்தள மாஸ்ட்டில் இருக்கும் காற்றுமானி நொடிக்குப் பத்து முறையோ அதற்கும் மேலோ அளக்கும், பக்கத்திலேயே அகச்சிவப்பு ஒளியால் ஈரப்பதம் அளக்கும் கருவி இருக்கும். அதன் கண்ணாடியில் உப்பு படிந்தால் எண் ஒரேயடியாகக் கெடாது. மெல்ல மெல்ல நகரும், திரையில் பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. வெயில் அளக்கும் கருவியின் கண்ணாடிக் குமிழையும் விடியும் முன்னே நல்ல தண்ணீரில் துடைத்துவிடு. துடைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுது.

பலூன் விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஜனவரி, பிப்ரவரியில் பார்படாஸுக்குக் கிழக்கே நடந்த யூரெகா (EUREC4A) என்ற மேக ஆய்வில் சாண்ட்ரின் போனி, பியோர்ன் ஸ்டீவன்ஸ் என்ற விஞ்ஞானிகள் தலைமையில் நான்கு கப்பல்களும் பல விமானங்களும் போயின. பூமி சூடாகும்போது வியாபாரக் காற்றுப் பகுதியின் சிறு திரள்மேகங்கள் குறைந்துவிடுமா என்பதுதான் கேள்வி. குறைந்தால் வெயில் கூடுதலாக உள்ளே வரும், சூடு இன்னும் ஏறும். சில காலநிலை மாடல்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஹாலோ என்ற ஆய்வு விமானம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் விட்டத்தில் வட்டமடித்து, விழுந்துகொண்டே காற்றை அளக்கும் டிராப்சோண்டு என்ற சிறு கருவிகளைப் போட்டது. வட்டத்தைச் சுற்றிக் காற்று உள்ளே குவிகிறதா, வெளியே விரிகிறதா என்று பார்த்தால் உள்ளே காற்று எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்கிடலாம். நொடிக்குச் சில சென்டிமீட்டர்கூட வராத வேகம் அது, அவ்வளவு பரந்த இடத்துக்கு அதை நேரடியாக அளக்கக் கருவியே கிடையாது. 2022இல் வந்த முடிவு, மேலே கீழே காற்று கலப்பது கூடினால் மேகம் உலர்ந்து போகும் என்ற எண்ணம் அங்கே பொருந்தவில்லை என்றது. மேகத்தை அப்படிப் பெரிதாகக் குறைத்துக்காட்டிய மாடல்கள் மேல் நம்பிக்கை குறைந்தது. ஒவ்வொரு சோண்டையும் யாரோ ஒருவர் சரிபார்த்து அனுப்பியதால் வந்த முடிவு அது, உன் பலூனும் அந்த வகைதான்.

பலூனைக் கையில் பிடித்திருக்கும்போது சுற்றிலும் பார். தூரத்து மேகத்திலிருந்து மழை இறங்கும், பாதி வழியிலேயே ஆவியாகும், அந்தக் குளிர்ந்த காற்று கடல்மேல் பரவி உன்னை வந்து தொடும். சில நிமிடத்தில் வெப்பநிலை ஓரிரு டிகிரி இறங்கும், காற்று திசை மாறும், அந்தக் குளிரின் ஓரத்தில் வில் மாதிரி புது மேகங்கள் வரிசையாக எழும். பலூன் அதற்கு முன்னே போனதா பின்னே போனதா என்று எழுதி வை. பிற்பாடு உன் தரவைத் திறப்பவருக்கு அந்த ஒரு வரி இல்லாமல் அந்தப் பலூன் காட்டும் வளைவு புரியவே புரியாது.

சரி, இரவு ஷிப்டா பகல் ஷிப்டா என்று தெரிந்ததும் அனுப்பு. நீ தூங்கும் நேரத்தில் நானும் அப்பாவும் கூப்பிட்டு எழுப்பிவிடக் கூடாது.

அம்மா