தவழ்வதா, ஊர்வதா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க எழுத்தாளர் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' தமிழில் நன்றாக வரவேண்டிய கதை. டாக்டரான கணவன் ஜான் ஓய்வு என்று மாடி அறையில் வைத்திருக்கும் ஒருத்தி, அங்கே சுவர்த்தாளைப் பார்த்துப் பார்த்தே புத்தி பேதலிப்பதைத் தானே சொல்லும் கதை. அதனால் உறுத்தியதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நீ போட்டிருக்கும் அந்த வாழையிலை. கடைசிக் காட்சியில் அறைச் சாவி 'ப்ளான்டெய்ன்' இலைக்கு அடியில் கிடக்கிறது என்கிறாள். அமெரிக்காவில் வாசல் ஓரமெல்லாம் தரையோடு ஒட்டி முளைக்கிற ஒரு களைச்செடிக்கும் அதே பெயர்தான். அதன் இலை அகலமாக இருக்கும், ஒரு சாவியை மறைக்கப் போதும். 'களைச்செடியின் இலை' என்று மாற்றிவிடு.

பெரிய தவறு ஜானிடம் நடந்திருக்கிறது. அவனை நீ முரடனாக்கிவிட்டாய், அதட்ட வைத்திருக்கிறாய். மூலத்தில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறான், படுக்க வைக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான். கதையின் கொடுமையே அங்கேதான் இருக்கிறது. அவள் தனக்கு நோய் என்கிறாள். டாக்டரான கணவன் கொஞ்சிக்கொண்டே இல்லை என்கிறான். அவன் அவளைக் கூப்பிடும் 'கூஸ்' என்ற சொல்லுக்கு 'வாத்து' என்று போட்டால் தமிழில் வசவாகிவிடும். 'அசடு' என்று வை. செல்லமும் இருக்கும், மட்டம் தட்டுவதும் இருக்கும்.

அவளுடைய சகோதரனும் டாக்டர். மூத்தவனா இளையவனா என்று கதை சொல்லவில்லை, தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நானாக இருந்தால் 'அண்ணன்' என்று போடுவேன். கணவன், அண்ணன் இருவரும் ஒரே வாக்காகச் சொல்லும்போது அவளுக்கு எதிர்த்துப் பேச இடமே இருக்காது. ஜென்னி ஜானின் சகோதரி, அதனால் 'நாத்தனார்' சரிதான். கணவனுக்கு அவள் 'நீங்கள்' என்று சொல்வதையும் மாற்றாதே. ஆனால் கதவுக்கு வெளியே அவன் தட்டும்போது 'இளைஞனே, உன்னால் திறக்க முடியாது' என்று நினைக்கிறாளே, அந்த இடத்தில் 'உன்னால்' என்றுதான் வரவேண்டும். ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த வசதி நமக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதே.

'க்ரீப்' என்ற சொல்லை 'ஊர்ந்தாள்', 'நகர்ந்தாள்', 'பதுங்கினாள்' என்று இடத்துக்கு இடம் மாற்றியிருக்கிறாய். கூடாது. அது திரும்பத் திரும்ப வந்து காதில் அறையவேண்டிய சொல். 'ஊர்ந்து' என்றால் பாம்பு நினைவுக்கு வரும். எனக்கு 'தவழ்ந்து' பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் குழந்தைகள் அறையாக இருந்தது என்று அவள் நினைக்கும் இடத்தில், குழந்தையைப் போலவே நடத்தப்பட்ட ஒருத்தி, கடைசி வாக்கியத்தில் மயங்கிக் கிடக்கும் கணவன்மேல் தவழ்ந்து போகிறாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே சொல்லாக இருந்தால்தான் இது பிடிபடும்.

அந்த அறையை விளக்கவும் செய்யாதே. ஜன்னல் கம்பிகள், சுவரில் வளையங்கள், தரையோடு ஆணி அடித்த கட்டில், தலைமாட்டில் கை எட்டும் தூரம் வரை கிழிந்த தாள். குழந்தைகள் செய்த வேலை என்று அவள் நம்புகிறாள். வேறு யாரையாவது அங்கே அடைத்து வைத்திருந்தார்களோ என்று வாசகர் தானாகச் சந்தேகப்பட வேண்டும்.

முன்னுரையில் ஓய்வு சிகிச்சை பற்றி நீ எழுதியது மேலோட்டமாக இருக்கிறது. சைலஸ் வெயர் மிட்செல் என்ற பிலடெல்பியா நரம்பியல் மருத்துவர் உருவாக்கியது அது. ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை, உறவினர் யாரும் பக்கத்தில் வரக்கூடாது, நாள் முழுக்கப் பால் பால் என்று புகட்டல், தசை தளராமலிருக்க மசாஜும் மின்சாரமும். முதலில், சிலருக்கு நான்கைந்து வாரம் வரை, எழுந்து உட்காரவோ தைக்கவோ படிக்கவோ கூடாது. கையால் பல் துலக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் நரம்புத் தளர்ச்சி என்று வந்த ஆண்கள் சிலரை அதே மருத்துவர் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குதிரை ஏற அனுப்பினார். இதைக் கட்டாயம் சேர்.

கில்மன் அவரிடம் போனது 1887-இல். வீட்டுக்கு அனுப்பும்போது, குழந்தையை எப்போதும் உடன் வைத்துக்கொள், மூளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர வேலை போதும், உயிருள்ளவரை பேனாவைத் தொடாதே என்று மிட்செல் சொன்னதாகக் கில்மனே எழுதியிருக்கிறார். சுமார் மூன்று மாதம் கீழ்ப்படிந்தார், புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டார். கதையிலோ குழந்தை தாயிடம் இல்லை, அதைக் கவனித்துக்கொள்ளும் மேரியிடம் இருக்கிறது. ஆகவே 'இது ஆசிரியரின் சொந்தக் கதை' என்ற உன் வரியை அடித்துவிடு. கதையைப் படித்து மிட்செல் தன் சிகிச்சையை மாற்றிக்கொண்டார் என்பதும் கில்மனின் காதுக்கு வந்த செய்திதான். அவர் கேள்விப்பட்டதாகவே எழுது. எழுதியது 1890, அச்சில் வந்தது 1892. நீ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாய்.

கடைசிப் பக்கத்தில் திடீரென்று 'ஜேன்' என்ற பெயர் வருகிறதல்லவா? நீ அதை 'ஜென்னி' என்று திருத்தியிருக்கிறாய். அது அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், கதை முழுக்கப் பெயரே இல்லாத அவளுடைய பெயராகவும் இருக்கலாம். ஜேன் ஜேனாகவே இருக்கட்டும், அடிக்குறிப்பும் வேண்டாம்.

திருத்திய பிரதியை அனுப்பு.

அன்புடன்,
அம்மா