பிட்டிபனைக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். தேயிலை பேக்டரிக்குப் பின்னால் நின்று போனில் பேசியதில் பாதிதான் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஹோமாகம பிட்டிபனையில் உள்ள பாதுகாப்பு அமைச்சின் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றாய். 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செக்பொயின்டில் அடையாள அட்டையை நீட்டி நீட்டிப் பழகியவள் அல்லவா. எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் படிவத்தில் முதல் கேள்வியே பிரஜாவுரிமைதான் என்று நீ சொன்னதும் சிரித்துவிட்டேன். உன் தாத்தா இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர். 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றதும் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டார். 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்த பிறகுதான் அவர் இந்த நாட்டுக்காரர் ஆனார். அப்போது நீ தொட்டிலில் கிடந்தாய். அந்த வீட்டுப் பிள்ளையிடம் இப்போது பாதுகாப்பு அமைச்சு கடதாசி கேட்கிறது. கொடு, தாராளமாகக் கொடு.

கண்ணிவெடி தேடும் கருவியோ, ரேடியோ அலையோ, எந்தப் பிரிவில் போட்டாலும் முதல் இரண்டு வாரம் யாரும் உனக்கு வேலை தரமாட்டார்கள். கோபப்படாதே. சோல்டரிங் மேசையில் இருக்கிற பழைய டெக்னீஷியன் பக்கத்தில் போய் உட்கார். நான் ரோலர் மெஷின் பெயரிங்கைப் படித்தது அப்படித்தான். ஸ்குரூட்ரைவர் நுனியைப் பெயரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதில் வைக்கச் சொன்னார் பெரிய பிட்டர். நல்ல பெயரிங் முனகும், கெட்டது நறநறக்கும். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை.

ஒன்றுதான் எனக்குக் கவலை. நைட்டா, அதுதான் தொழிற்பயிற்சி அதிகார சபை, கொடுக்கிற டயரியில் தினமும் வேலையை எழுதி, படம் வரைந்து, வாராவாரம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றாய். அங்கேயோ பாதி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. அப்படியானால் கடைசியில் கெம்பஸுக்கு என்ன அறிக்கை கொடுப்பாய்? எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று முதல் நாளே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடு. கருவியின் பெயர் வேண்டாம் என்றால், எப்படி அளந்தாய், பிழையை எப்படிப் பிடித்தாய் என்று எழுது. நாளைக்கு வேறு கம்பனியில் இன்டர்வியூவுக்குப் போனாலும் அதைத்தானே கேட்பார்கள்? போனில் படம் மட்டும் எடுத்துவிடாதே.

படிப்பு முடிந்து அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டால்? அரசாங்கச் சம்பளம், பென்சன் எல்லாம் சரி. ஆனால் செய்வது ஆயுதமாக இருந்தால் உனக்குத் தூக்கம் வருமா என்று நீயே பார்த்துக்கொள். நான் போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன்.

கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசி மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தாத்தாவுடையது ஒரிஜினல். காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள், கொப்பி மட்டும் கொடு. நம் வீட்டிலிருந்து புறப்படுவதானால் ஹட்டன் கொழும்பு பஸ்ஸில் ஏறி அவிசாவளையில் இறங்கு, அங்கிருந்து 122ஆம் நம்பர் பஸ். ஸ்வெட்டர் வேண்டாம், அங்கே வேர்த்துக் கொட்டும். அம்மா எப்படியும் ஒன்றைப் பையில் திணிப்பாள்.

அன்புடன்,
அப்பா