அபிக்கு, தட்டோடு சேர்த்து

அன்புள்ள அபி,

கூரியரில் ஒரு எல்பி இசைத்தட்டு வரும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’. நீ போன் எடுக்கவில்லை என்பதற்காக அனுப்பவில்லை. உன் டர்ன்டேபிள் ஏப்ரலிலிருந்து மூடியே கிடக்கிறதாம், அகிலா சொன்னாள்.

முதலில் ஊசியைத் துடை. பிரஷ்ஷைப் பின்னாலிருந்து முன்னுக்கு இழு. பக்கவாட்டில் தேய்த்தால் ஊசி தாங்கும் கம்பி வளைந்துவிடும். ஊசியின் பளு 2 கிராம் போதும். தாவுகிறது என்று உன் சித்தப்பா மாதிரி தலையில் எட்டணா வைக்காதே. இந்தத் தட்டின் இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மெதுவானது. லேபிள் நெருங்க நெருங்கச் சுற்று சின்னதாகும், அதே ஒலி குறைந்த நீளத்தில் நெருக்கியடிக்கும். ஊசியில் அழுக்கிருந்தால் பாடகி சாண்டி டென்னியின் குரலில் ‘ஸ’ எல்லாம் கரகரக்கும். அப்புறம் தட்டைக் குறை சொல்வாய்.

மொத்தம் எட்டே பாட்டு, நாற்பது நிமிடம். ‘மேட்டி க்ரோவ்ஸ்’ஸில் ஆரம்பி. ஒரு பிரபுவின் மனைவி மேட்டி என்பவனோடு இருக்கிற செய்தியை அவரிடம் சொல்ல வேலைக்காரன் ஓடுவான். ஓடை குறுக்கிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நீந்துவான். அந்தச் செருப்புக்காகவே பழம்பாட்டுகளை நம்பலாம். இரண்டு பேரையும் கொன்றபின் ஒரே குழியில் போடச் சொல்கிறான் பிரபு. ஆனால் அவள் உயர்குலமாம், மேலே கிடக்க வேண்டுமாம்! பாட்டு முடிந்தும் கிடாரும் வயலினும் அடங்காமல் ஓடும். நிறுத்திவிடாதே.

உனக்கு வேண்டியது இரண்டாம் பக்கம். பாட்டில்லாத நாலு மெட்டு, ஒன்றோடொன்று கோத்தது. கையில் தாளம் போட்டுக் கேள்: முதலாவது ஆறு, அடுத்தது நாலு, மூன்றாவது ஒன்பது, கடைசி மறுபடி நாலு. வயலின் வாசிக்கும் டேவ் ஸ்வார்ப்ரிக் வில்லின் திசையை மாற்றும் இடங்களைப் பிடி. உன் கை இதைவிடச் சுத்தம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். சொன்னவனை முட்டாளாக்காதே.

பெரும்பாலும் அவர்கள் எழுதிய பாட்டுகள் இல்லை. பாஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸின் நாட்டுப்பாடல் நூலகத்தில் உட்கார்ந்து பலவற்றைத் தேடியெடுத்தார். ஏன் அவ்வளவு பின்னால் போனார்கள் என்றால், 1969 மே 12-ஆம் தேதி, பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 சாலையில் அவர்கள் வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் போய்விட்டார். 19 வயது. கிடார் ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும்.

மிச்சமிருந்தவர்கள் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற ஊரில் ஒரு வீடு பிடித்துச் சேர்ந்து இருந்தார்கள். லாம்பிளோடு வாசித்ததைத் தொடவில்லை. புது டிரம்மர் டேவ் மாட்டாக்ஸ் நடன அரங்குகளில் வாசித்தவர், இந்தப் பாட்டெல்லாம் அவருக்குப் புதிது. அதனால்தானோ என்னவோ, லாம்பிளின் சாயலே இல்லாமல் அவர் அடி தனியாக, கனமாக விழுகிறது. ‘ரேனார்டின்’னில் அடியே இல்லை, சிம்பல் மட்டும் அலையும். டிசம்பரில் தட்டு வெளிவந்தது. ஏழே மாதம். நீயும் ஏழு மாதத்தில் எழுந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

கடைசிப் பாட்டை இப்போதைக்கு விடு. ‘கிரேஸி மேன் மைக்கேல்’. சாபம் சொல்லும் அண்டங்காக்கையை ஒருவன் குத்துகிறான். கீழே கிடப்பது அவன் காதலி. வரிகள் தாம்ப்சன் எழுதியவை, அப்போது அவருக்கு 20. ‘டெஸர்ட்டர்’ கேள். அதில் கடைசியில் இளவரசர் வந்து விலங்கை அவிழ்க்கச் சொல்கிறார். அது போதும்.

போன ஞாயிறு கோபி அம்மா வந்தார்கள். உன்னைத்தான் கேட்டார்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை அபி. சாப்பிடு. தூங்கு. ஊசியைத் துடை.

அன்றைக்கு ராத்திரி நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசினபோது கோபி எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ‘வயலினுக்கு ஒன்றும் ஆகலையே’ என்றேன். நீ ‘இல்லப்பா’ என்று வைத்துவிட்டாய். அம்மாவுக்கு இது தெரியாது.

தட்டு உடையாமல் வந்ததா என்று மட்டுமாவது எழுது.

அப்பா